நாள் எண்ணாத ஆறு மாதம்

2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு தொடங்கி மூன்றாம் நாள். காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் தொலைக்காட்சியில் பேசினார். கடன் தவணைகளை மார்ச் 1 முதல் மே 31 வரை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி என்றார். அவர் பேசி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேலாளரிடமிருந்து எனக்கு போன்.

நான் வேலை பார்ப்பது கடன் கணக்குகளைப் பராமரிக்கும் மென்பொருள் எழுதும் இடத்தில். இந்த மென்பொருள் தினமும் இரவு ஒரு வேலையைச் செய்யும். டே-எண்ட் என்போம். ஒவ்வொரு கடன் கணக்கையும் எடுத்து, "கட்ட வேண்டியது வந்ததா?" என்று பார்க்கும். வராவிட்டால் அந்தக் கணக்கில் இருக்கும் ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும். பாக்கி விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அந்த எண். 30 தாண்டினால் ஒரு எச்சரிக்கை, 60 தாண்டினால் இன்னொன்று. 90 தாண்டினால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். அதன் பிறகு அந்தக் கடனின் வட்டி கைக்கு வராமல் அதை வருமானமாக எழுத முடியாது. லாபத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து நஷ்டத்துக்கென்று ஒதுக்கியும் வைக்க வேண்டும். ஒரு வங்கி திடமாக இருக்கிறதா ஆடுகிறதா என்பதெல்லாம் கடைசியில் இந்த மாதிரிக் கோடிக்கணக்கான எண்களின் கூட்டுத்தொகைதான்.

எங்களுக்கு வந்த வேலை சுலபமானது. குறிப்பிட்ட தேதிகளுக்குள் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டாதே. பிப்ரவரி 29 அன்று 45 நாள் பாக்கி என்றால் அது 45-லேயே நிற்கட்டும். எழுதியது சில வரிகள்தான், சோதித்துப் பார்க்கத்தான் நான்கைந்து நாள் ஆயிற்று. மே 22 அன்று ரிசர்வ் வங்கி இதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தபோது எங்களுக்கு ஒரு தேதியை மாற்றும் வேலை மட்டும்தான்.

ஆனால் அன்று அந்த நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பாக்கி நாளைக் கூட்டும் வரிக்குச் சற்றுக் கீழே அன்றைய வட்டியைக் கணக்குப் போடும் வரி இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு கடிகாரத்தை நிறுத்தினோம். இன்னொன்று ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் கரூரிலிருந்து மாமா பையன் பேசினான். வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதியாளர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவனுடையது. பன்னிரண்டு மெஷின். "மூணு மாசம் தவணை கட்ட வேண்டாமாமே மாப்ளே, நெசமா?" என்றான். "கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடும்டா" என்றேன். "வட்டி ஓடட்டும் மாப்ளே. மொதல்ல நான் ஓடணுமில்ல?"

அந்த இரண்டு கடிகாரங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, வெறும் பி.இ. ஆனால் அந்த ஆண்டிலிருந்து ரிசர்வ் வங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் நிதி நிலைத்தன்மை அறிக்கைகளை விடாமல் படித்து வருகிறேன். ஒரு பெருந்தொற்று வங்கிகளை என்ன செய்யும் என்று எல்லோரும் பயந்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதற்கு நாம் வாழ்ந்து பார்த்த சரித்திரம் அதில் இருக்கிறது.

நடக்காமல் போன விபத்து

2020 ஜூலை அறிக்கையில் உள்ள எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச்சில் இந்திய வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன், கொடுத்த கடனில் 8.5 சதவீதம். இது 2021 மார்ச்சில் 12.5 சதவீதம் ஆகலாம், நிலைமை மிக மோசமானால் 14.7 வரைகூடப் போகலாம் என்று அறிக்கை சொன்னது. 2021 ஜனவரியில் வந்த அடுத்த அறிக்கை, அந்த செப்டம்பருக்குள் 13.5 சதவீதம் என்றது.

நடந்தது என்ன? 2021 மார்ச்சில் 7.5. அந்த செப்டம்பரில் 6.9. 2022 மார்ச்சில் 5.9. 2023 மார்ச்சில் 3.9. 2024 மார்ச்சில் 2.8.

இந்த எண்களை முதல்முறை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாட்டின் உற்பத்தி 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கடைகள் மூடிக் கிடந்தன, பஸ் ஓடவில்லை, ஆர்டர் இல்லை. அதற்குப் பிறகு இரண்டாம் அலை வந்தது. இத்தனைக்கும் நடுவில் வங்கிகளின் உடம்பு தேறிக்கொண்டே வந்திருக்கிறது! நஷ்டத்தைத் தாங்க வைத்திருக்கும் மூலதனத்தின் விகிதமும் 2020 மார்ச்சில் 15 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது, 2021 மார்ச்சில் 16-ஐத் தொட்டது.

ரிசர்வ் வங்கிக்காரர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அழுத்தச் சோதனை என்பது ஜோசியம் இல்லை. "இப்படி ஆனால் இவ்வளவு ஆகும்" என்ற கணக்கு அது. பொருளாதாரம் விழுந்தால் பழைய அனுபவப்படி இவ்வளவு கடன் கெடும் என்று அது சொன்னது. பொருளாதாரம் விழத்தான் செய்தது. அப்படியென்றால் கெட்டிருக்க வேண்டிய பணம் எங்கே போயிற்று? நஷ்டம் மாயமாக மறையாதே. யாரோ ஒருவர் கணக்கில் அது உட்கார்ந்திருக்க வேண்டும்.

பழைய கதைகள்

இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தேடினேன். நம் ஊரில் வங்கி விழுந்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. அந்தக் கோபத்திலும் ஏமாற்றத்திலும் பிறந்ததுதான் 1907-ன் இந்தியன் பேங்க். 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் கதவை மூடியது. ரிசர்வ் வங்கி தொடங்கி அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. முதலாவதில் கூட்டாளிகளின் சூதாட்டம், இரண்டாவதில் அரசியலும் பீதியும். இரண்டிலும் நோய் கிடையாது.

நோய் வந்த ஆண்டு 1918. அந்த இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படி நடந்த ஒரே பத்தாண்டு அதுதான். ஆனால் சென்னை, பம்பாய், வங்காளம் என்ற மூன்று மாகாண வங்கிகளும் நின்றன. 1921 ஜனவரியில் மூன்றும் ஒன்றாகி இம்பீரியல் பேங்க் ஆயின. அதுதான் இன்றைய ஸ்டேட் பேங்க்.

எப்படி நின்றன? அவற்றின் சட்டமே அப்படி. நிலத்தின் பேரில் கடன் கொடுக்கக் கூடாது, குறுகிய காலக் கடன்தான் கொடுக்கலாம். அதனால் அவை வியாபாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் கொடுத்தன. குடியானவனும் நெசவாளியும் வாங்கிய கடன் எல்லாம் ஊர் வட்டிக்காரரிடம். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் காய்ச்சலில் போனால் அந்தக் கடன் எந்த வங்கியின் கணக்கிலும் கெடாது. அந்த வீட்டின் நிலத்தில், நகையில், மாட்டில் போய் விடியும். நஷ்டம் வங்கிவரை ஏறி வர அன்றைக்குப் படிக்கட்டே இல்லை.

2020-ல் படிக்கட்டு இருந்தது. வீட்டுக் கடன், பைக் கடன், முத்ரா கடன், கிரெடிட் கார்டு என்று கோடிக்கணக்கான வீடுகள் வங்கியோடு நேராகக் கட்டப்பட்டிருந்தன. நஷ்டம் ஏறி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே வார்த்தை, இரண்டு பக்கம்

முதலில் மொரட்டோரியம் என்ற வார்த்தை. 2020-க்கு முன்னால் வங்கி வாடிக்கையாளர் ஒருவர் இந்த வார்த்தையைக் கேட்டால் வயிற்றில் புளி கரைக்கும். 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்த பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். ஆடுகிற வங்கியை ரிசர்வ் வங்கியின் வேண்டுகோளின்பேரில் மத்திய அரசு சில மாதம் முடக்கி வைக்கலாம், அதற்குள் இன்னொரு வங்கியோடு இணைத்துவிடலாம். அந்த முடக்கத்துக்குப் பெயர்தான் மொரட்டோரியம். போட்டவர் பணத்தை எடுக்க முடியாது. டெபாசிட் காப்பீடு 1962-ல் வந்ததும் அந்த வீழ்ச்சியின் தொடர்ச்சிதான். தொடக்கத்தில் 1,500 ரூபாய்வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம்.

2020-ல் இந்த வார்த்தை இரண்டு திசையிலும் வந்தது. மார்ச் 5 அன்று யெஸ் பேங்குக்கு மொரட்டோரியம்: ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஸ்டேட் பேங்க் தலைமையில் மற்ற வங்கிகள் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின, 18-ஆம் தேதி தடை நீங்கியது. மார்ச் 27 அன்று கடன் வாங்கியவர்களுக்கு மொரட்டோரியம்: நீங்கள் கட்ட வேண்டாம். நவம்பர் 17 அன்று மறுபடியும் பழைய அர்த்தத்தில், லட்சுமி விலாஸ் வங்கிக்கு: 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது.

லட்சுமி விலாஸ் 1926-ல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது. 94 வயது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. சுமார் 20 லட்சம் பேரின் 20,000 கோடி ரூபாய் டெபாசிட் பத்திரமாக இருந்தது. பங்குகளின் மதிப்பு பூஜ்யம். 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் பூஜ்யம்.

இதைக் கொரோனா கொன்ற வங்கி என்று சொல்பவர்கள் உண்டு. எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஊரடங்கின் முதல் வாரம், 2020 மார்ச் 31 அன்றே அதன் வாராக்கடன் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, மூலதன விகிதம் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த வங்கி, பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன் கொடுக்கப் போனதில் வந்த வினை அது. அதே கரூரில் 1916-ல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி இருக்கிறது. ஒரே ஊர், ஒரே ஜவுளி, ஒரே தொற்று. விதி கேட்டதைவிட நன்றாகவே கூடுதல் மூலதனத்தோடு அது உள்ளே போனது, வெளியேயும் வந்தது.

ஆக முதல் விடை இது. வங்கியின் தாங்கும் சக்தி தொற்றின்போது வருவதில்லை, அதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். இந்திய வங்கிகள் பெரும்பாலும் வாங்கி வைத்திருந்தன, மிகவும் வலியோடு. 2015-ல் ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது வங்கிகளின் கடன் புத்தகங்களை ரிசர்வ் வங்கி பிரித்துப் பார்த்தது. மூடி மறைத்த அழுகல் எல்லாம் வெளியே வந்தது. 4 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்த வாராக்கடன் மூன்றே ஆண்டில் 11-ஐத் தாண்டியது. 2017 அக்டோபரில் அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தச் சுத்திகரிப்பு நடக்காமல் 2020-க்குள் போயிருந்தால் லட்சுமி விலாஸ் மாதிரி பத்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்போம்.

பாக்கி எங்கே உட்கார்ந்தது

இது பாதி விடைதான். புதிதாக வந்த நஷ்டம் எங்கே? எனக்குத் தெரிந்த வரையில் அது நான்கு இடங்களில் போய் உட்கார்ந்தது.

முதல் இடம், நாள்காட்டி. 2020 ஏப்ரல் 17 அன்று ரிசர்வ் வங்கி, தள்ளிவைப்புக் காலத்தை 90 நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம் அந்த எண் நகரவில்லை. நாட்டின் வங்கிக் கடனில் சுமார் 40 சதவீதத்துக்கு உரியவர்கள் அப்போது தள்ளிவைப்பில் இருந்தார்கள். செப்டம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 31 வரை வாராக்கடன் ஆகாத எதையும் மறு உத்தரவு வரை அப்படி அறிவிக்கக் கூடாது என்றது. அந்தத் தடை விலகியது 2021 மார்ச் 23 அன்றுதான். கம்பெனிகளைத் திவால் நீதிமன்றத்துக்கு இழுப்பதும் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. காய்ச்சல் இருந்தது, தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம்.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த ஆறு மாதம் எண்ணியிருந்தால் நல்ல கடன்களும் கெட்ட கடன்களாக மாறியிருக்கும், வங்கிகள் பயந்து எல்லோருக்கும் கதவை அடைத்திருக்கும், அதனாலேயே இன்னும் கடன்கள் கெட்டிருக்கும். நேரம் கொடுத்தால் தானாகத் தேறிவிடும் கணக்குகள் ஏராளம். தவிர, ரிசர்வ் வங்கி நாளை நிறுத்தியதோடு விடவில்லை. பாக்கியோடு தள்ளிவைப்புக்குள் வந்த கணக்குகளுக்கு 10 சதவீதம் ஒதுக்கச் சொன்னது, அந்த ஆண்டு லாபப் பங்கு கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது சரியான வேலை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது இடம், அரசாங்கத்தின் கை. 2020 மே மாதம் சிறு தொழில்களுக்கான அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. பிப்ரவரி 29 அன்று பாக்கியில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு முழு உத்தரவாதம் அரசு. 3 லட்சம் கோடி என்று தொடங்கிப் பின்னால் 5 லட்சம் கோடி வரை போனது. கரூரில் மாமா பையனுக்கு 14 லட்சம் கடன் இருந்தது, 2.8 லட்சம் கூடுதலாக வந்தது. அதில் முக்கால்வாசி ஆட்களின் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போனது. மீதி? பழைய கடனின் தவணைக்கு! கடனைக் கட்டக் கடன். வங்கியின் கணக்கில் அவன் ஒழுங்காகக் கட்டுகிறவன்.

மூன்றாவது இடம், பணம் போட்டவர்களின் பாக்கெட். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை இரண்டு மாதத்தில் 5.15-லிருந்து 4 சதவீதத்துக்கு இறக்கியது. கடன் வாங்கியவர்களுக்கு அது மூச்சு. என் அப்பாவுக்கு? அவருக்கு ஓய்வூதியம் கிடையாது, எஃப்டி வட்டிதான் மாத வருமானம். ஸ்டேட் பேங்கிலேயே ஐந்து வருட டெபாசிட்டுக்கு 5.4 சதவீதம், சேமிப்புக் கணக்குக்கு 2.7 சதவீதம் என்று ஆன காலம் அது. அந்த நிதியாண்டின் சில்லறை விலைவாசி ஏற்றம் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல். அதாவது வங்கியில் போட்டு வைத்த பணம் வருடத்துக்குக் கொஞ்சம் தேய்ந்தது. அப்பா எஃப்டியைப் புதுப்பித்துவிட்டு வந்து ரசீதை என்னிடம் நீட்டி, "தப்பா அடிச்சுட்டாங்களா பாரு" என்றார். தப்பில்லை. வங்கியைக் காப்பாற்றியதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது, அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நான்காவது இடம்தான் நான் அதிகம் யோசித்தது. கடன் வாங்கியவர்கள். இங்கேதான் அந்த இரண்டாவது கடிகாரம் வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 15 வருடம் பாக்கி. மாதத் தவணை 30,428 ரூபாய், 180 தவணை. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி ஏறி அசல் 31.37 லட்சம் ஆகிறது. அதே தவணையைத் தொடர்ந்து கட்டினால் 180-க்குப் பதில் கிட்டத்தட்ட 199 தவணை கட்ட வேண்டும். நின்றது 6, கூடியது ஏறக்குறைய 19. பணமாகப் பார்த்தால் ஐந்தரை லட்சத்துக்கு மேல். இதில் மோசடி ஒன்றும் இல்லை. கூட்டு வட்டியின் குணமே அதுதான். ஆனால் தள்ளிவைப்பை ஏதோ தள்ளுபடி மாதிரி புரிந்துகொண்டவர்கள் எத்தனை லட்சம் பேர்!

இந்த வட்டியைக் கேள்வி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பல மாதம் தொலைக்காட்சியில் அதே விவாதம். 2020 அக்டோபர் 23 அன்று அரசு ஒரு திட்டம் அறிவித்தது: 2 கோடி வரையான கடன்களுக்கு, ஆறு மாதத்தின் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கொடுக்கும். தள்ளிவைப்பு வாங்காதவர்களுக்கும் உண்டு. மேலே சொன்ன அதே கடனுக்கு அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். கூட்டு வட்டி 1,37,557. தனி வட்டி 1,35,000. வித்தியாசம் 2,557 ரூபாய். வட்டிக்கு வட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டி அப்படியே நின்றது. நீதிமன்றமும் 2021 மார்ச் தீர்ப்பில் வட்டியை முழுக்கத் தள்ளுபடி செய்ய முடியாது என்றுதான் சொன்னது. அதற்கு அது சொன்ன காரணமும் நியாயம்தான்: டெபாசிட் போட்டவர்களுக்கு வங்கி வட்டி கொடுத்தாக வேண்டுமே. என் அப்பாவுக்கும் மாமா பையனுக்கும் நடுவில் வங்கி உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் இன்னொருவரிடம் எடுக்க வேண்டும்.

நகைப்பெட்டி

கடன்காரர்கள் எதை வைத்துச் சமாளித்தார்கள் என்பதற்கு ஒரு தடயம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சின்ன அறிவிப்பு செய்தது. நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கிகள் கடன் கொடுக்கலாம் என்று இருந்ததை 2021 மார்ச் 31 வரை 90 சதவீதம் ஆக்கியது. தங்கம் விலை அன்றைக்கு உச்சத்தில். அந்த நிதியாண்டில் வங்கிகளின் மொத்தக் கடன் வளர்ந்தது ஐந்து ஆறு சதவீதம்தான். நகைக் கடன் வளர்ந்தது 80 சதவீதத்துக்கு மேல்.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்தவுடன் அத்தையின் வளையல்தான் ஞாபகம் வந்தது. மாமா பையன் தன் மனைவியின் நகையை மட்டும் வைக்கவில்லை, அம்மாவின் வளையலையும் வைத்தான். வங்கித் தவணைக்கு இல்லை. வாரத் தவணைக்குக் கொடுத்திருந்த ஊர் ஃபைனான்ஸ்காரர் ஒருவருக்கு. ரிசர்வ் வங்கியின் மொரட்டோரியம் அவருடைய வாசல்வரை போகவில்லை. "அவரு டிவியே பாக்கறதில்ல மாப்ளே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

நகைக் கடன் வங்கிக்கு மிகப் பாதுகாப்பான கடன். கட்டாவிட்டால் ஏலம். அதனால் வாராக்கடன் விகிதத்தை அது ஏற்றாது, இறக்கவே செய்யும். கடைசியில் இந்த நஷ்டத்தின் ஒரு பகுதி 1918-ல் போன அதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வீட்டுக்குள், பெட்டிக்குள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வாராக்கடன் 8.5-லிருந்து 2.8-க்கு இறங்கியது முழுக்கத் திரும்பி வந்த பணத்தால் இல்லை. முழுதாக ஒதுக்கீடு செய்துவிட்ட பழைய கடன்களை வங்கிகள் புத்தகத்திலிருந்து நீக்கிவிடும். வசூல் முயற்சி தொடரும், விகிதத்தில் மட்டும் தெரியாது. 2021-22 வரையான ஐந்து ஆண்டுகளில் இப்படி நீக்கியது 10 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதில் பெரும்பகுதி கொரோனாவுக்கு முந்தைய பெரிய கம்பெனிக் கடன்கள். பன்னிரண்டு மெஷின் வைத்திருப்பவனுக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தம் குறைவு.

என் முடிவு

வங்கிகள் தொற்றைத் தாங்கின என்பது உண்மை. அது பெரிய விஷயம். ஊரடங்கில் அடங்கிக் கிடந்த நேரத்தில் ஏடிஎம்மில் பணம் இல்லை என்ற நிலை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அப்பாவின் டெபாசிட் தேய்ந்தது, போகவில்லை. 1906-ல் அர்பத்நாட்டில் போட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் தாங்கும் சக்தி என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஒரு பாலம் பாரத்தைத் தாங்கியது என்றால் பாரம் எங்கே இறங்கியது என்று எந்த இன்ஜினியரும் கேட்பான். தூணுக்கு, தூணிலிருந்து மண்ணுக்கு. வங்கி அறிக்கைகள் பாலத்தைத்தான் அளக்கின்றன, மண்ணை அளப்பதில்லை. அடுத்த தொற்றுக்கு வங்கியின் மூலதனம் எவ்வளவு என்று சோதிக்கும்போது கூடவே ஒரு சின்ன யூனிட்டிடம், ஒரு வீட்டிடம், எத்தனை மாதத்துக்கான கையிருப்பு இருக்கிறது என்றும் சோதிக்க வேண்டும். நாள் எண்ணுவதை நிறுத்தினால் வட்டி எண்ணுவதை என்ன செய்வது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் தொற்று வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நடுவில் எழுத உட்கார்ந்தால் 2,557 ரூபாய்தான் வரும்.

மாமா பையனைப் போன தீபாவளிக்குப் பார்த்தேன். இப்போது ஐந்து மெஷின். வங்கிக் கடனை முழுக்கக் கட்டி முடித்துவிட்டான். ஒரு நாள்கூட என்பிஏ ஆகவில்லை, அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. கடனில்லாச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். அதை முடிக்க, பைபாஸ் பக்கம் தாத்தா வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் இடத்தை விற்றிருக்கிறான். அத்தையின் வளையல் திரும்பவில்லை.

நாங்கள் எழுதுகிற மாதிரி ஒரு மென்பொருளில் அவன் கணக்கு இருக்கும். பாக்கி நாள்: 0. நிலை: ஒழுங்காக முடிக்கப்பட்டது. மூன்று சென்ட்டுக்கும் வளையலுக்கும் அதில் கட்டம் கிடையாது.